வெட்டாமல் விட்ட நிமிடங்கள்

விபத்தான விமானத்தை விசாரிக்கப் போனால் முதலில் அதற்கு வணக்கம் சொல்ல வேண்டும். ஒவ்வொரு சிறு விமானத்திலும் இறந்த விமானி ஒருவரின் நினைவுப்பிரதி துணைக்குரலாக இருக்கிறது; அவசரத்தில் விசைகளையும் அதுவே இயக்கும். மரியாதை குறைந்தால் வாயைத் திறக்காது. உயிரோடு இருக்கும் அதிகாரிகளிடம் நான் படுவது போதாதென்று இது வேறு!

வேம்பார் உப்பளத்தில் அந்த மருந்து விமானம் சக்கரம் புதைந்து நின்றது. நடுவானில் இன்ஜின் சக்தி இழக்க, எப்படியோ பாத்திகளுக்கு நடுவே இறக்கியிருந்தாள் விமானி ரோஸ்லின். நெற்றியில் கட்டோடு இறக்கையடியில் உட்கார்ந்திருந்தாள். டேங்க் நிறைய எரிபொருள் இருந்தது. இன்ஜினை ஓட்டிப் பார்த்தேன், ஜம்மென்று ஓடியது.

"வணக்கம் மிக்கேல். எரிபொருளை நிறுத்தினது நீங்களா?"

"ஆமா சார். இன்ஜின்ல தீ! ரோஸ்லின் எங்க சார்?"

தீயே இல்லை.

இந்த விமானத்தின் துணைக்குரலான மிக்கேல் அவள் புருஷன். ஆறு வருடம் முன்பு இந்த உப்பளத்தை ஒட்டிய கடலுக்கு மேல் விமானத்தோடு எரிந்துபோனவன். விமானியின் தலைக்கவசம் கடைசிவரை நினைவைத் தரைக்கு அனுப்பிக்கொண்டே இருக்கும். பிரதி எடுக்கும்போது கடைசி நிமிடங்களை வெட்டிவிட வேண்டும் என்பது விதி. அதன்பின் பிரதியில் புது நினைவு எதுவும் ஒட்டாது.

"வெட்டலையாம்மா?"

"மெக்கானிக் கால்ல விழுந்து நான்தான் தடுத்தேன் சார். அன்னைக்குக் காலையில பெரிய சண்டை. 'செத்துத் தொலைங்க'ன்னுட்டேன். எரியும்போது ரேடியோவுல, 'ஏட்டி, உம்மேல எனக்குக் கோவமே இல்ல'ன்னாரு. அந்த வார்த்தையிலதான் சார் நான் உசுரோட இருக்கேன். அவரு எரிஞ்ச எடம் வந்தா தீ ஞாபகம் வந்துரும்னு இந்தப் பக்கமே வராம சுத்திப் போவேன். இன்னைக்கு மழைமேகம் தள்ளிவிட்டுருச்சு."

"தீ! தீ!" என்று உள்ளே குரல் கத்தியது.

"இப்ப வெட்டினா அவர் நினைவுல அந்த வார்த்தையும் போயிரும்மா. வெட்டாட்டி, மேலிடத்துல அவரையே முழுசா அழிச்சிருவாங்க."

எழுந்துபோய் விமானத்தின் மேல் கையை வைத்தாள். "அணைஞ்சிருச்சுங்க. எறங்கிட்டோம்." பிறகு என்னைப் பார்த்தாள். "வெட்டுங்க சார். இனி ஒருதரம் அவரு எரிய வேண்டாம்."

வெட்டினேன். கத்தல் நின்றது.

"என்னங்க?" என்று கூப்பிட்டாள்.

"எங்கூடப் பேசாத," என்றான் மிக்கேல். "காலையில என்ன வார்த்த சொன்ன நீ?"

"மன்னிச்சிருங்க."

"மாட்டேன், போ."

இனி அவனுக்கு என்றைக்கும் அந்தக் காலைதான். எனக்கு அங்கே நிற்கவே முடியவில்லை. ரோஸ்லின் கண்ணைத் துடைத்துக்கொண்டு சீட்டில் ஏறி உட்கார்ந்தாள்.

"சரிங்க," என்றாள். "கோவமாவே இருங்க."