தண்ணீர் படாத கோட்டு

இதில் ஓர் எழுத்துகூடப் பொய் இல்லை. என் அம்மாவின் கல்லறை மேல் சத்தியம். போதாதென்றால் அப்பாவின் கல்லறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள்; இரண்டும் பக்கத்துப் பக்கத்தில்தான் இருக்கின்றன.

வைரச் சுரங்க ஊரான கிம்பர்லியில், எங்கள் கலேஷெவே பகுதியில், தேவாலயத்துக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட நீளமான கூடம் ஒன்று உண்டு. ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு அங்கே வால்ட்ஸ், ஒன்று-இரண்டு-மூன்று என்று எண்ணி ஆடும் ஜோடி நடனம். அவரவர் இஷ்டத்துக்கு ஆட முடியாது. எட்டு ஜோடியும் ஒரே அடியை ஒரே நேரத்தில் வைக்க வேண்டும்; வரிசை முடிந்ததும் மறுபடி முதலிலிருந்து. ஆண் முன்னால் நடப்பான், பெண் பின்னோக்கி நடப்பாள். எங்கே போகிறோம் என்பது அவளுக்குத் தெரியாது. அவள் முதுகில் பதிந்திருக்கும் அவனுடைய வலது கைக்குத்தான் தெரியும்.

என் பெரியப்பா மகன் மொடீசே அந்தக் கூடத்துக்கு ராஜா. அவன் மனைவி மபூலா அடி தவறினால் அவன் கத்தமாட்டான். தோள்பட்டைக்குக் கீழே கட்டைவிரலால் அழுத்துவான். பாட்டு முடியும்வரை பெண்ணின் முகத்தில் சிரிப்பு இருக்க வேண்டும் என்பது ஆட்டத்தின் சட்டம். அவளும் சிரிப்பாள். திங்கட்கிழமை குழாயடியில் குனியும்போது அவள் முதுகில் கத்தரிக்காய் நிறத்தில் ஒரு கன்றல் தெரியும்.

மொடீசே நெஞ்சுவலியில் செத்தான். மபூலா ஒரு வருடம் கறுப்பு உடுத்தி, யார் கையையும் தொடாமல் இருந்தாள். வருடம் முடிந்த அன்று அவள் கறுப்பைக் களைந்ததும், செத்தவனின் உடுப்புகளை அத்தைமார் மூலிகைத் தண்ணீரில் அலசினார்கள். தண்ணீர் பட்டால்தான் ஆள் துணியை விட்டுப் போவான். அதற்குப் பிறகுதான் சொந்தக்காரர்களுக்குப் பங்கு. காலுறையைக்கூட விட்டுவைக்கவில்லை.

கோட்டு ஒன்று மிச்சமிருந்தது. போட்டிக்குப் போடுகிற, பின்னால் இரண்டு வால் தொங்கும் கறுப்புக் கம்பளிக் கோட்டு. லெசேகோ அத்தை அதை வாளிக்குள் அமுக்கப் போனபோது மபூலா பிடுங்கிக்கொண்டாள்.

"தண்ணியில போட்டா தோள் சுருங்கிடும் அத்தை. அப்புறம் நாய்க்குத்தான் மாட்டலாம்."

"சுருங்கட்டுமே. அவன் போக வேணாமா?"

"போயாச்சு. நான்தானே பொதைச்சேன்."

ஆட்டக்காரியைத் தவிர வேறு எந்தப் பெண்ணும் இந்தத் தப்பைச் செய்திருக்கமாட்டாள். கோட்டு காய்ந்தபடியே என் பங்குக்கு வந்து சேர்ந்தது.

எனக்கு மபூலா மேல் இருபது வருட ஆசை. செத்தவனின் தம்பி முறைக்காரன் கேட்பது எங்கள் வழக்கத்தில் தப்பில்லை. கேட்டேன். வரப்போகும் கோப்பைப் போட்டியில் தன்னோடு ஆடி ஜெயித்தால் பெண் கேட்க மாமன்மாரை அனுப்பலாம், தோற்றால் அந்தப் பேச்சே கூடாது என்றாள். முதல் நாள் பயிற்சியில் அவள் காலைப் பதினோரு முறை மிதித்தேன்.

"உன் ரெண்டு காலும் ரெண்டு கட்சி, டீரோ. கூட்டணிகூட வைக்க மாட்டேங்குது."

அடுத்த ஞாயிறு, கொஞ்சம் மரியாதையாவது கிடைக்குமே என்று கோட்டைப் போட்டுக்கொண்டு போனேன். நாங்கள்தான் முதலில் வந்திருந்தோம். வெயிலில் கூரைத் தகரம் டிக், டிக் என்று விரிந்துகொண்டிருந்தது. கோட்டிலிருந்து ஷூ பாலிஷ் வாசனை வந்தது. அதற்கு அடியில், புதிதாகத் தோண்டிய மண்ணின் வாசனை. மபூலா பாட்டைப் போட்டாள். கோட்டின் வலது கையை அவள் முதுகில் வைத்தேன்.

அங்கே ஏற்கெனவே ஒரு கை இருந்தது.

கோட்டுக்கும் அவள் சட்டைக்கும் நடுவில், ஐஸ் மாதிரி. அது அவளைத் திருப்பியது, நிறுத்தியது, சுழற்றியது. நான் கூடப் போனேன், அவ்வளவுதான். முதலிலிருந்து கடைசிவரை ஒரு பிசகு இல்லை.

பாட்டு நின்றபோது மபூலாவின் முகம் சாம்பலாகியிருந்தது.

"கட்டைவிரலை எடு," என்றாள் மெதுவாக.

என் கட்டைவிரல் அந்த இடத்திலேயே இல்லை. எடுத்துவிட்டேன் என்று சொன்னேன்.

அதற்குப் பிறகு ஒவ்வொரு ஞாயிறும் கோட்டோடுதான் ஆட்டம். ஊர் கைதட்டியது. இத்தனை வயதுவரை எனக்கு யாரும் கைதட்டியதில்லை. மபூலா மட்டும் மெலிந்துகொண்டே வந்தாள். போட்டிக்கு முதல் நாள் என் வீட்டு வாசலுக்கு வந்து நின்றாள்.

"கோட்டைக் கழட்டிட்டு ஆடலாம், டீரோ. தோத்தாலும் பரவாயில்ல. நீ மாமன்மாரை அனுப்பு, நான் சரின்னு சொல்லிடறேன்."

இருபது வருடமாகக் கேட்டது கையில் வந்து விழுந்தது. நான் என்ன சொன்னேன் தெரியுமா?

"ஜெயிச்சுட்டே கட்டிக்கலாம்."

அவள் திரும்பி நடந்தாள். பெயர் கொடுத்தாயிற்று, பெயர் கொடுத்த ஆட்டக்காரி வராமல் இருக்கமாட்டாள். வெள்ளைக் கவுனில் சரியாக மூன்று மணிக்கு வந்தாள்.

முதல் சுற்று நன்றாகத்தான் போனது.

இரண்டாம் சுற்றில் அந்தக் கை இறுகத் தொடங்கியது.

ஒன்று. காய்ந்த சுள்ளி முறிவது போல ஒரு சத்தம், அவளுக்குள்ளிருந்து.

இரண்டு, மூன்று. அமைதி.

ஒன்று.

என் வாய் அசையவில்லை. கோட்டின் கழுத்துப்பட்டைக்குள்ளிருந்து ஒரு குரல் வந்தது.

"சிரி, மபூலா. பாட்டு இன்னும் முடியல."

அவள் சிரித்தாள்.

ஆட்டத்தை நிறுத்தப் பார்த்தேன் என்று எழுதத்தான் ஆசை. ஆனால் நடுவர் எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கடைசி இரண்டு சுற்றிலும் அவள் கால் தரையில் படவில்லை. அந்த மிதப்புக்காகத் தனியாக மதிப்பெண் போட்டார்கள். கோப்பை எங்களுக்குத்தான். கைதட்டல் எழுந்த பிறகுதான் அந்தக் கை விட்டது. மபூலா சரிந்து விழுந்தாள். முகத்தில் சிரிப்பு அப்படியே இருந்தது. அதைக் கலைக்க முடியாமல் அப்படியே பெட்டியில் வைத்து மூடினோம்.

ஏழு விலா எலும்புகள் முறிந்திருக்கின்றன, முதுகில் ஓர் ஆணின் வலது கை ஐந்து விரலோடு பதிந்திருக்கிறது என்று டாக்டர் எழுதிக் கொடுத்தார். போலீஸ்காரர்கள் அந்தத் தாளைப் படித்தார்கள், என்னை ஒரு தரம் பார்த்தார்கள், வீட்டுக்குப் போய் டீ குடியுங்கள் பெரியவரே என்று அனுப்பிவிட்டார்கள்.

லெசேகோ அத்தை கோட்டை மூலிகைத் தண்ணீரில் மூன்று நாள் ஊறவைத்தாள். வெளியே எடுத்தபோது காய்ந்திருந்தது. இப்போது அது என் அலமாரியில் தொங்குகிறது. ஞாயிறு மூன்று மணிக்கு அதன் வலது கை மட்டும் மெல்ல எழுந்து, ஒரு பெண்ணின் முதுகு உயரத்தில் வளைந்து நிற்கும். நான்கு மணிக்குத் தாழும். அப்போது போய்ப் பார்த்தால் அதன் தோளில் முகப்பவுடர் புதிதாக ஒட்டியிருக்கும்.

சொல்ல விட்டுப்போன விவரம் ஒன்று: என் வலது கை தோளோடு வைரச் சுரங்க இயந்திரத்தில் போனபோது எனக்கு வயது இருபத்தாறு, மபூலா செத்தபோது ஐம்பத்து மூன்று.