ஊசித்துளையில் விழுந்த வயல்

தட்டில் ஊறிய காகிதத்திலிருந்து சேற்று வாசம் வந்தது. மருந்தின் புளிப்பு வாடைக்குப் பழகிப்போன ஜெக்கரியா குனிந்து மறுபடி முகர்ந்தார். உழுது தண்ணீர் கட்டிய வயலின் வாசம்தான். வெளியே சீர்காழிக் கடைத்தெருவின் பிற்பகல் இரைச்சலுக்கு நடுவே, உழுதவனுக்கே நிலம் என்று கட்சி ஒலிபெருக்கி ஒன்று ஊர்ந்து போனது. உள்ளே, படம் கழுவும் இருட்டறையில், சிவப்பு விளக்கும் சொட்டும் குழாயும்.

காலையில் எடுத்த படம். முருகையனின் குத்தகை வயல். உழவு நாளன்று அவன் காணாமல் போனான். ஊரைவிட்டு ஓடிவிட்டான் என்றது பண்ணை. அவன் மனைவி ராசம்மாள் அசரவில்லை, ஆள் சேர்த்து நடவு இறக்கினாள். தாசில்தாரின் குத்தகை விசாரணைக்கு, பண்ணையே பயிர் வைத்ததாகக் காட்டும் படம் வேண்டுமென்று வந்து நின்றார் காரியஸ்தர் ரெங்கசாமி. ஜெக்கரியாவின் ஸ்டூடியோ இருந்த கட்டடம் பண்ணையுடையது.

ஜெக்கரியா பழைய ஃபிலிம் கேமராவின் லென்ஸைக் கழற்றிவிட்டு, அங்கே ஊசியால் துளையிட்ட தகரத்துண்டைப் பொருத்தினார். அவ்வளவு சிறிய துளையில் வெளிச்சம் சேர நேரமாகும். அதற்குள் அசைகிறவர்கள் கரைந்துபோவார்கள். அசையாதவர் மட்டும் படத்தில் விழுவார். ரெங்கசாமியைக் குடையோடு வரப்பில் சிலையாக நிறுத்தினார்.

“என்னங்க, பொட்டிக்குக் கண்ணைப் புடுங்கிட்டுக் கொண்டாந்திருக்கீங்க?” என்று நடவுக்காரிகள் சிரித்தார்கள்.

ராசம்மாள் மட்டும் சேற்றுக் கையால் முந்தானையைச் சரிசெய்துகொண்டாள். “நாங்க நடுறது விழும்ல அய்யா? தாசில்தாருகிட்ட சொல்றதுக்கு ஆவும்.”

“விழும்மா. நீ பாட்டுக்கு நடு.”

அவள் நம்பி, இன்னும் வேகமாக நட்டாள்.

இப்போது காகிதத்தில் முதலில் குடை எழுந்தது. பிறகு ரெங்கசாமி. பெண்கள் ஒருத்தியும் இல்லை. ராசம்மாள் குனிந்திருந்த இடத்தில் லேசான பனிமூட்டம். ஜெக்கரியா மூச்சுவிட்டார்.

ரெங்கசாமியின் காலடியில், நட்டு முடித்த வரிசையில், ஏதோ தெளிந்தது. நீர்மட்டத்தில் ஒரு நெற்றி. மூக்கு. மல்லாந்த முகம். போன தையில் இதே ஸ்டூடியோவில் ராசம்மாளோடு நின்ற முகம்.

முருகையன்.

கண் திறந்திருந்தது. வாயும். வாய்க்குள் நாற்று.

கதவு தட்டப்பட்டது. “ஆச்சாங்க ஜெக்கரியா? அவளுவ யாரும் விழலையே?” ரெங்கசாமியின் குரல்.

இந்தக் காகிதம் ராசம்மாள் கைக்குப் போனால், முருகையன் ஓடவில்லை என்று தெரிந்து, அவளுக்கு நிலம் நிற்கும். ஜெக்கரியாவுக்குக் கூரை நிற்காது.

“யாரும் இல்லீங்க.”

“அப்படிப் போடுங்க! இனிமே எந்த விவசாயச் சங்கத்தைக் கூட்டிட்டு வருவாளாம்?”

ஜெக்கரியா குழாயை இறுக்கினார். தட்டிலிருந்து கையை எடுத்தார். மருந்து அலையடங்கி அசையாமல் நின்றது.

படத்தில் நாற்று அசைந்தது. மெல்ல உள்ளே சாய்ந்தது. வெளியே நிமிர்ந்தது. மறுபடி உள்ளே.

மூச்சு.