பின்மண்டையில் ஒரு குட்டி எலும்பு

கொழுந்தன் சுவருக்கு முதுகைக் கொடுத்துத்தான் சாப்பிட உட்காருவான். நாற்காலி எந்தப் பக்கம் கிடந்தாலும் சரி, சத்தமில்லாமல் இழுத்துச் சுவரோடு ஒட்டிப் போட்டுக்கொள்வான். வாய் தன் பாட்டுக்கு மென்றுகொண்டிருக்கும். கண் மட்டும் அண்ணனை விட்டு நகராது.

வருஷக்கணக்கில் ஒரு தகவலும் இல்லாமல் இருந்தவன், ஒரு மழை நாளில் நனைந்த பையோடு வாசலில் வந்து நின்றான். அதற்கு முன் அவள் அவனைப் பழைய போட்டோக்களில்தான் பார்த்திருந்தாள். அவள் கணவன் ஓடிப்போய்த் தம்பியைக் கட்டிக்கொண்டான். அந்தக் கைகளுக்குள் தம்பி மரக்கட்டை மாதிரி விறைத்து நின்றதைப் பார்த்தபோதே அவள் மனசில் முள் தைத்துவிட்டது. இவன் வேறு யாரோ. பேரைச் சொல்லிக்கொண்டு வீட்டுக்குள் புகுந்திருக்கிறான்.

அப்புறம் அவள் காது தானாகவே வேவு பார்க்க ஆரம்பித்தது. விளக்கை அணைத்ததும் அவன் அறையில் கட்டில் தரையைக் கீறிக்கொண்டு கதவுப் பக்கம் நகரும். அவள் போய் நின்றால் அந்தக் கதவடியில் சுவாசம் கேட்கும், ஈரத்துணி வாடையோடு, யாரோ காது கொடுத்து நிற்பது போல. கணவனிடம் சொன்னால் சிரித்தான்.

"என் தம்பிய எனக்குத் தெரியாதா? சும்மா எதையாவது போட்டுக் குழப்பிக்காத."

தெரிந்துகொள்ள அவளுக்கு ஒரு வழி இருந்தது. அவள் வேலை பார்ப்பது ஸ்கேன் சென்டரில். கணவனை அவள் முதன்முதலில் பார்த்ததும் அங்கேதான். பைக்கிலிருந்து விழுந்து வந்திருந்தான். அவன் பின்மண்டையில், பெரிய எலும்புகள் ஒன்றோடொன்று தைத்தது போல் சேரும் கோட்டின் நடுவே, சுண்டுவிரல் நகம் அளவுக்குத் தனியாக ஒரு குட்டி எலும்பு. சிலருக்குப் பிறவியிலேயே இப்படி இருக்கும், ஒன்றும் செய்யாது என்று டாக்டர் சொன்னார். "உங்களுக்கு ஒரு எலும்பு ஜாஸ்தி" என்று அவள் சொல்லப்போய்த்தான் பேச்சு வளர்ந்து கல்யாணம் வரை வந்தது. பின்னாளில் மாமியாருக்கு எடுத்த ஸ்கேனிலும் அதே இடத்தில் அதே எலும்பு. குடும்பச் சொத்து என்று கேலி பேசினார்கள்.

கொழுந்தன் குளியலறையில் வழுக்கி விழுந்து தலையில் அடிபட்டதும், டாக்டர் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அவள் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டாள் என்றுகூடச் சொல்லலாம். மத்தியானம் சென்டரில் கூட்டமில்லை. படம் திரையில் விரிந்தது.

எலும்பு இருந்தது. அதே இடத்தில், அச்சு அசலாக.

வெட்கத்தில் அவளுக்குக் காது சுட்டது. ஸ்கேன் அறைக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், தன்னோடு நின்ற கணவனிடம் திரும்பினாள்.

"இங்க பாருங்க, உங்க எலும்பு. தம்பிக்கும் இருக்கு."

"என்ன எலும்பு?"

விளையாட்டுக்குச் சொல்கிறான் என்று நினைத்தாள். அவன் முகத்தில் விளையாட்டு இல்லை. திரையை வெறுமனே பார்த்துக்கொண்டிருந்தான்.

கொழுந்தன் எழுந்து வந்தான். அண்ணன் காதில் விழாதபடி, உதடு அசையாமல் சொன்னான்:

"அண்ணி, அவரையும் ஒரு தடவ பாருங்க."

இவன் எதற்கு இதைச் சொல்கிறான்?

"நீங்களும் சும்மா படுங்களேன்" என்றாள் கணவனிடம்.

"என் மண்டைல ஒண்ணும் இல்லன்னு ஊருக்கே தெரியும்." கணவன் சிரித்துக்கொண்டே உள்ளே போய்ப் படுத்தான். மேசை நகர்ந்தது. இயந்திரம் முனகிச் சுழன்றது. அவள் முதுகுக்குப் பின்னால் கொழுந்தனின் மூச்சு, வேகவேகமாக.

படம் வந்தது.

குட்டி எலும்பு இல்லை. அது சேர்ந்திருக்க வேண்டிய தையல்கோடும் இல்லை. ஒரு கோடுகூட இல்லை. நெற்றியிலிருந்து பிடரி வரை ஒரே வழவழப்பு. முட்டை போல.

பழைய படத்தைப் பக்கத்தில் திறந்தாள். பேர் அதுதான். பிறந்த தேதி அதுதான்.

"அந்த எலும்பு இல்லையே தம்பி..." அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "பின்பக்கம், நடுவுல... அது எங்க போச்சு?"

"கதவப் பூட்டுங்க அண்ணி."

அவள் கீழே பார்த்தாள். அவளுடைய விரல், உள்ளே படுத்திருப்பவரோடு பேசும் மைக் பொத்தான்மேல் இருந்தது. அழுத்திக்கொண்டே இருந்திருக்கிறது.

கண்ணாடிக்கு அந்தப் பக்கம் கணவன் எழுந்து உட்கார்ந்திருந்தான். அவர்களுக்கு முதுகைக் காட்டி. ஒரு கை மெதுவாகப் பின்னால் போனது. முடியை விலக்கியது. கட்டைவிரல் தடவியது. தேடியது. நின்றது.

அழுத்தியது.

பிசைந்த மாவில் இறங்குவது போல விரல் உள்ளே இறங்கியது. முதல் கணு வரை.

ஸ்பீக்கரில் அவன் குரல் வந்தது. பிரியமான குரல்.

"இங்கயா இருக்கணும்? இல்ல, இன்னும் கொஞ்சம் மேலயா?"