ஜெசிந்தாவுக்குக் காரணம் கிடைக்கவில்லை

நட்சத்திர மேட்டில் காலையில் பால் வாங்கப் போகிறவர்கள், அப்படியே தேடியிலும் ஒரு தரம் கை வைத்துவிட்டுத்தான் வீடு திரும்புவார்கள். பால் நிலையத்துக்கும் கோயிலுக்கும் நடுவே, இடுப்பு உயர எந்திரமாக அது நின்றுகொண்டிருந்தது. அரசாங்கம் வைத்த பெயர் காரணத்தேடி. படித்த பிள்ளைகள் ட்ரேசர் என்பார்கள். மேட்டுக்காரர்களுக்கு எப்போதும் வெறும் தேடிதான்.

முந்தின நாள் யார் மீதாவது வள்ளென்று விழுந்திருப்பார்கள். மாமியாரைப் பார்த்துத் தட்டை வீசியிருப்பார்கள். உள்ளங்கையை வைத்தால் போதும், கொட்டாவி விட்டு வாயை மூடுமுன் தேடி சொல்லிவிடும். அதுவும் தெருவுக்கே கேட்கிற குரலில். "தூக்கக் குறைவு. இரும்புச்சத்துப் போதாது. சிறுவயதில் அண்ணனோடு ஒப்பிட்டுப் பேசப்பட்ட காயம்." உடனே தட்டு வீசிய மருமகள், "காரணம் இருக்கு அத்தை" என்பாள். மாமியாரும் "இருக்கட்டும்" என்பாள். முடிந்தது. மாலைக்குள் இரும்புச்சத்து வீடு தேடி வந்துவிடும். காயத்துக்கு ஒரு பெண் வந்து உட்கார்ந்து பேசிவிட்டுப் போவாள்.

சும்மா சொல்லக்கூடாது, நல்ல ஏற்பாடுதான். கடல் ஏறிப் பழைய ஊரை விழுங்கி, மிச்சப்பட்டவர்கள் இந்த மேட்டில் நெருக்கியடித்துக் குடியேறிய காலத்தில், ஒரு குடம் தண்ணீருக்கு வெட்டுக்குத்து நடந்ததாம். தேடி வந்து ஒரு தலைமுறைக்குள் சிறைகள் காலியாயின. மேட்டுச் சிறையில் இப்போது காளான் வளர்க்கிறார்கள். கெட்டவர் என்று ஒருவரும் இல்லை. காரணம் உள்ளவர்கள், அவ்வளவே.

இதில் பிழைப்புக் கெட்டது இரண்டு பேருக்கு. ஒருவர் பங்குச் சாமியார் பெர்க்மான்ஸ். பாவசங்கீர்த்தனம் கேட்கிற கூண்டில், பாவம் சொல்ல ஆள் வராததால், அவர் திருவிழா சீரியல் பல்புகளைப் போட்டு வைத்திருந்தார். இன்னொருவன் சாத்தான். ஞானஸ்நானத்தில் "பிசாசை விட்டுவிடுகிறாயா?" என்று கேட்டால், கடையில் பை வேண்டாம் என்கிற மாதிரி "விட்டுவிடுகிறேன்" என்று சொல்லிவிட்டு ஞானத்தாய்மார் கேக்கைப் பார்ப்பார்கள். மறைக்கல்வி வகுப்பில் பிள்ளைகள்தாம் விடாமல் கேட்பார்கள். "ஏவாள சாத்தான் கெடுத்தான், சரி. சாத்தான யாரு சாமி கெடுத்தா? அவன்தான் தேவதூதனா, சம்மனசா இருந்தானே, அவனுக்கு என்ன சத்துக் குறைவு?" சாமியார் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். வகுப்பு முடிந்துவிடும்.

இந்த மேட்டில் ஜெசிந்தாவுக்குத் தெரியாமல் ஒரு வீட்டிலும் குழம்பு கொதிக்காது. புருஷன் சரக்குக் கப்பலில், மகன்கள் வெளிநாட்டு மேடுகளில். ஆகவே ஊர்ப் பிள்ளைகளெல்லாம் அவள் பார்வையில்தான் வளர்ந்தார்கள். யார் வீட்டுக்கு யார் வந்தார், போகும்போது முகம் எப்படி இருந்தது என்பதெல்லாம் அவளிடம் கேட்டால் சுத்தமாகக் கிடைக்கும். கெட்ட மனது என்று சொல்ல முடியாது. கண்தான் கொஞ்சம் நீளம். அடுத்த வீட்டுப் பிலோமினா நேர்மாறு. தன் வீட்டில் நடப்பதையே ஜெசிந்தா சொல்லித்தான் தெரிந்துகொள்வாள். வெகு காலத்துக்கு முன் ஜெசிந்தாவின் பெண் குழந்தை பிறந்தே இறந்தபோது, தன் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து இவள் பக்கத்தில் விரித்து, ஒரு மாதம் வீட்டுக்கே போகாமல் படுத்துக் கிடந்தவள் பிலோமி. அதற்கு அடுத்த வருஷம் பிலோமிக்கு ஆஞ்சலின் பிறந்தாள்.

அந்த ஆஞ்சலினைக் கேட்டுத் தெற்கு மேட்டிலிருந்து படகில் ஆள் வந்தார்கள். எந்த எந்திரம் எதைச் சொன்னாலும், பக்கத்து வீட்டில் ஒரு வார்த்தை விசாரிக்காமல் பெண் எடுக்கிற துணிச்சல் நம் ஆட்களுக்கு இன்னும் வரவில்லை. மாப்பிள்ளையின் தாய் ஜெசிந்தா வீட்டுப் படியேறி, கொடுத்த காப்பியைப் பாதி குடித்து, "பிள்ள எப்படி?" என்றாள்.

"தங்கமான பிள்ள" என்றாள் ஜெசிந்தா. அதோடு விட்டிருக்கலாம். சேலை மடிப்பை ஒருமுறை நீவினாள். சன்னலுக்கு வெளியே பார்த்தாள். "ஆனா... நாமளும் பிள்ள பெத்தவங்க. எனக்கெதுக்கு" என்றாள்.

அவ்வளவுதான். அதில் ஒரு பொய்கூட இல்லை. வந்தவள் மிச்சக் காப்பியைக் குடிக்காமல் தம்ளரை மெல்லக் கீழே வைத்தாள். அப்புறம் தெற்கு மேட்டுக்காரர்களிடமிருந்து ஒரு பேச்சும் இல்லை.

விஷயம் வெளியே வர ஒரு வாரம் பிடித்தது. மாப்பிள்ளைப் பையனே ஆஞ்சலினுக்குச் செய்தி அனுப்பி எல்லாவற்றையும் சொல்லிவிட்டான். பிலோமி வந்தாள். கத்தவில்லை. கத்துகிற பழக்கம் அந்தத் தலைமுறைக்கே விட்டுப்போயிருந்தது.

"மைனி, அந்த அம்மாகிட்ட நீங்க அப்படிச் சொன்னியளாமே?"

"ஆமா பிலோமி."

"சரி, வேற சேலை உடுத்துங்க. ஒரு எட்டு தேடிக்குப் போயிட்டு வந்துருவோம். என்னன்னு தெரிஞ்சிட்டா எனக்கும் மனசு ஆறிரும்."

இரண்டு பேரும் சந்தைக்குப் போகிறவர்கள்போலத்தான் சேர்ந்து போனார்கள். பாலுக்கு நின்றவர்கள் காதைத் தீட்டிக்கொண்டார்கள். ஜெசிந்தா கையை வைத்தாள். தேடி யோசித்தது. ஒருநாளும் யோசிக்காத தேடி.

"கை வேர்த்திருக்கும் அக்கா, தொடச்சிட்டு வைங்க" என்றார் பால்காரர். துடைத்து வைத்தாள்.

"காரணம் கிடைக்கவில்லை" என்றது தேடி.

பிலோமி "இருக்கட்டும்" சொல்ல வாயைத் திறந்தவள் திறந்தபடியே நின்றாள். எதை இருக்கட்டும் என்பது? வரிசையில் முன்னால் நின்ற பெண் தன் பிள்ளையை மெதுவாக இழுத்துத் தன் பின்னால் விட்டுக்கொண்டாள். ஊரில் எத்தனையோ பிள்ளைகளைத் தூக்கி வளர்த்த ஜெசிந்தா அதைப் பார்த்தாள்.

மறுநாள் காரண நிலையத்திலிருந்து யாழ்மொழி என்ற இளம் அதிகாரி பெரிய கருவியோடு வந்தாள். அரை நாள் சோதித்தாள். தெருவே ஏதேதோ சாக்குச் சொல்லிக்கொண்டு ஜெசிந்தா வாசலைக் கடந்து போய்க்கொண்டிருந்தது. உப்பு வாங்கப் போனவர்களே நாலு தரம் போனார்கள்.

"அன்னைக்கு நல்லாத் தூங்கியிருக்கீங்கம்மா" என்றாள் யாழ்மொழி. "சத்தெல்லாம் சரியா இருக்கு. பயம் இல்லை, பகை இல்லை. உங்க குழந்தை இறந்ததை நினைச்சு வந்த பொறாமையான்னும் பார்த்தேன். அந்தக் காயம் என்னைக்கோ ஆறிப்போச்சு. நீங்க வேற மாதிரி சொல்லியிருக்கலாம். தடுக்க எதுவுமே இல்லை. நீங்களா சொல்லியிருக்கீங்க."

"அப்ப என்னம்மா செய்யணும்?"

"பயப்படாதீங்க, ஆழத்தேடல்னு ஒண்ணு இருக்கு. தலைமுறை தலைமுறையாத் தோண்டும். ஏதாவது வராம இருக்காது." அவள் குரலைத் தாழ்த்தினாள். "எதையாவது ஒண்ணைக் கொண்டுவந்து நிறுத்திரும்மா. நீங்க சம்மதம் சொன்னாப் போதும்."

சாயங்காலம் பெர்க்மான்ஸ் சாமியார் வந்தார். ஜெசிந்தாவின் இளைய மகன் வயதுதான் அவருக்கு. ஆறுதல் சொல்ல வந்ததாகச் சொன்னார். முகத்தைப் பார்த்தால் லாட்டரி விழுந்தவர் மாதிரி இருந்தது.

"பிள்ளைங்க கேக்கிற கேள்விக்கு நான் எத்தனை புத்தகம் தேடியிருப்பேன் தெரியுமா? சாத்தானா ஆகறதுக்கு முன்னாடி லூசிபேருக்கு எல்லாம் இருந்துச்சு. அழகு, அறிவு, பக்கத்துலயே ஆண்டவர். கெடுக்கறதுக்கு அப்ப ஒரு சாத்தான்கூட இல்ல. ஆனாலும் மாட்டேன்னு சொன்னான். ஏன்னு எவருக்கும் தெரியல. அவனுக்குப் பிறகு நீங்கதான்..."

"என்னைச் சாத்தான்ங்கிறியளா சாமி?"

சாமியாருக்குக் காது சிவந்துவிட்டது. "ஐயோ, இல்லம்மா. அப்படி இல்ல."

"சொல்லுங்க, பரவாயில்ல. நானே அதத்தான் யோசிச்சிட்டு இருக்கேன்." ஜெசிந்தா தன் உள்ளங்கையைப் பார்த்தாள். "அந்த நேரத்துல எப்படி இருந்துச்சு தெரியுமா? கைக்குள்ள ஒரு குருவிக்குஞ்சு இருந்த மாதிரி இருந்துச்சு. துடிக்குது. விடலாம், அமுக்கலாம். ரெண்டும் எனக்கு ஒண்ணுதான். பிலோமி மேல கோவமா? இல்ல. அந்தப் பிள்ளைய நான் இடுப்புல வச்சு வளர்த்தவ. ஆனா என்னால முடியுதுல்லா சாமி? சும்மா, முடியுதேன்னு அமுக்கினேன். அமுக்கினதுக்கு அப்புறம் கொஞ்சம் நல்லாவும் இருந்துச்சு."

சாமியாரின் லாட்டரி முகம் மறைந்துவிட்டது. புத்தகத்தில் இருந்த சம்மனசுக்கு இப்படி நரைத்த தலையும் வீங்கிய கண்ணும் இருக்கவில்லை. "லூசிபேர் திரும்பி வந்து நான்தான் செஞ்சேன்னு சொன்னதா எங்கயும் எழுதியிருக்கல" என்றார். சொல்லிவிட்டு, சொன்னது சரிதானா என்று தெரியாதவர்போல எழுந்து போனார்.

பிலோமியின் வீட்டில் விளக்கு வைக்கிற நேரம். ஆஞ்சலின் அறைக் கதவு சாத்தியிருந்தது. பிலோமி அடுப்படியில் மீனை அலசிக்கொண்டிருந்தாள். ஜெசிந்தாவைப் பார்த்ததும் ஈரக் கையோடு ஓடிவந்தாள்.

"மைனி, ஆழத்தேடலுக்குக் கை வச்சிட்டியளா?"

"இல்ல."

"ஏன்? வைங்க மைனி. ஏதாவது வரட்டும். பாட்டன் முப்பாட்டன் யாரு மேலயாவது போகட்டும். நான் இருக்கட்டும்னு சொல்லிட்டு விட்டுருவேன். ரெண்டு நாளா உங்களுக்குக் குழம்பு குடுக்கலாமா வேண்டாமான்னே எனக்குத் தெரியல." ஈரக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டாள். "அந்தச் செத்த பிள்ளையச் சொல்லுங்க. அவ இருந்தா இவ வயசுதானே. அந்த ஆத்தாமையில சொல்லிட்டேன்னு சொல்லுங்க. மிஷினு என்ன வேணா சொல்லட்டும், நான் நம்புதேன்."

பிலோமி திறந்துவிட்டது எவ்வளவு அகலமான கதவு! தலையைக் குனியக்கூட வேண்டாம். ஜெசிந்தா அந்தக் கதவைப் பார்த்தபடி நின்றாள். அதற்குள் நுழைந்தால் இன்று ராத்திரியே குழம்பு வந்துவிடும்.

"என் பிள்ள ஒரு வாய் பாலுகூடக் குடிக்காமப் போனவ பிலோமி" என்றாள். "அவ தலையில இதக் கொண்டுபோய் வைக்கச் சொல்லுதியா? அவளால இல்ல. எங்க பாட்டியால இல்ல. நான்தான். தெரிஞ்சேதான் செஞ்சேன்."

பிலோமி அவளையே பார்த்தாள். பார்க்கப் பார்க்கத் தன் முகத்தில் ஏதோ ஏறியது. அது என்னவென்று பிலோமிக்கே முதலில் தெரியவில்லை. காய்ச்சல் வருவதாக நினைத்துக் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஏன்டி அப்படிச் செஞ்ச?" வாழ்நாளில் ஜெசிந்தாவை அவள் 'டி' போட்டதில்லை. "எம்பிள்ள உன்ன என்ன செஞ்சா? அவ முதமுதலா உன் விரலப் பிடிச்சுத்தானடி நடந்தா! போ வெளிய. போ!"

மீன் சட்டி பறந்து வாசலில் விழுந்தது. தெரு மொத்தமும் சன்னலுக்கு வந்துவிட்டது. அப்படி ஒரு சத்தத்தை மேட்டில் வெகு காலமாக யாரும் கேட்டதில்லை. சின்னப் பிள்ளைகள் பயந்து அழுதன. "பிலோமிக்குத் தேடி வைக்கணும்" என்று யாரோ சொன்னார்கள். ஜெசிந்தா நடுத்தெருவில் நின்றாள். அவமானத்தில் உடம்பெல்லாம் எரிந்தது. ஆனால் ஒரு விசித்திரம்: பால் நிலையத்தில் அந்தப் பெண் பிள்ளையை இழுத்துக்கொண்டபோது உள்ளே இறங்கிய குளிர் இப்போது இல்லை. பிலோமி திட்டியது அவளைத்தான். இரும்புச்சத்தை அல்ல.

அதற்கப்புறம் பிலோமி பேசவில்லை. எதிரே வந்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். யாழ்மொழி இரண்டு தரம் கூப்பிட்டாள். ஜெசிந்தா சம்மதம் தரவில்லை. ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்ததும் அவள் நேரே படகுத்துறைக்கு நடந்தாள். தெற்கு மேட்டுக்குப் போய், அந்த அம்மாளின் படியேறி, நடந்ததைத் தன் வாயால் சொல்லியாக வேண்டும். அந்தப் பையனே இனி வேண்டாம் என்று ஆஞ்சலின் சொல்லிவிட்டாளாம். ஒரு 'ஆனா'வுக்கு ஓடுகிறவனோடு எப்படிக் குடித்தனம் பண்ணுவது என்றாளாம். நியாயம்தான். ஆனால் பையன் வேண்டாம் என்றாலும் பிள்ளைக்கு நல்ல பெயர் வேண்டுமல்லவா?

படகில் ஏறி உட்கார்ந்தாள். கூட ஏற வந்த இரண்டு பேர் அவளைப் பார்த்ததும் அடுத்த படகுக்கு இருந்துகொள்வதாகச் சொல்லி இறங்கிவிட்டார்கள். படகுக்காரர் கயிற்றை அவிழ்க்கும்போது துறைப் பலகையில் தடதடவென்று காலடிச் சத்தம். பிலோமி. பூசைக்குப் போட்ட முக்காடு தோளில் தொங்க, மூச்சு வாங்க ஏறி, படகின் மறுமுனையில் முதுகைக் காட்டி உட்கார்ந்துகொண்டாள்.

கரையில் நின்ற மேட்டுக்காரர்களுக்கு ஒன்றும் புரியவில்லை. சண்டை போட்டவள் ஏன் கூடப் போகிறாள்? காரணமே கிடைக்கவில்லையே, "இருக்கட்டும்" என்று எப்படிச் சொல்லுவாள்? துறையை விட்டுப் படகு வெகுதூரம் போகிறவரை அவர்கள் கழுத்தை நீட்டியபடியே இருந்தார்கள்.

பழைய ஊருக்கு மேலே படகு போய்க்கொண்டிருந்தபோது அலை கொஞ்சம் தூக்கிப் போட்டது. பிலோமிக்கு எப்போதும் படகு ஒத்துக்கொள்ளாது. எழுந்து தடுமாறி வந்து ஜெசிந்தாவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"சும்மா ஒண்ணும் வரல" என்றாள், கடலைப் பார்த்து. "இன்னும் எரிஞ்சிக்கிட்டுத்தான் இருக்கு."

"எரியட்டும்."

"அந்தம்மா உன்ன நல்லாக் கேப்பா. கேக்கட்டும். நானும் பார்க்கணும்."

"பாரு."

பிலோமி முக்காட்டை இழுத்துத் தலையில் போட்டுக்கொண்டாள்.

"இப்படி இருக்கும்போது என்ன சொல்லணும் ஜெசிந்தா? இருக்கட்டும்னு சொல்ல வரல. இருக்கக் கூடாதுல்லா. நீ செஞ்சது தப்பு."

"தப்புதான்."

"விட்டுட்டுப் போகவும் முடியல."

அதற்கு என்ன சொல் என்று ஜெசிந்தாவுக்கும் தெரியவில்லை. கோயிலில் வாராவாரம் நெஞ்சில் தட்டிக்கொண்டு மன்னிப்புக்காகச் சொல்கிற செபத்தில் அந்தச் சொல் இருந்திருக்கும், யாரும் கவனித்ததில்லை. அடுத்த அலை தூக்கியபோது பிலோமி கண்ணை இறுக மூடிக்கொண்டு, பக்கத்தில் இருந்த கையை, நகம் பதிகிற அளவுக்கு, கோபமாகவே பிடித்துக்கொண்டாள். வலித்தது. ஜெசிந்தா கையை இழுக்கவில்லை.