மூன்று வேகன்களில் கூடுதல் அழுக்கு

முதலில் சத்தியம். இந்தக் கதையில் வரும் ஒவ்வொரு சொல்லும் நடந்தது நடந்தபடி. என் வாயில் மிச்சமிருக்கும் நான்கு பற்களின் மீது ஆணை. ஐந்தாவது இருந்த காலத்தில் பொய் சொன்னதுண்டு. அதனால்தான் அது விழுந்துவிட்டது.

நிதானம் என்று ஒரு துப்பறிபவர் இருந்தார். ஒருமுறை சட்டையில் தீப்பிடித்தபோது, பொத்தான்களை வரிசையாகக் கழற்றி, சட்டையை மடித்து வைத்துவிட்டு, அதன்பிறகுதான் தண்ணீர் கேட்டார். அவருக்கு உதவியாக இருந்தவர் அவருடைய அக்காள் கணவர். அறுபது வயது. ஊர் அவருக்கு வைத்த பெயர் அவசரம். தன் கல்யாணத்துக்கே முந்தின நாள் போய், வாத்தியக்காரர்களுக்கும் முன்னால் உட்கார்ந்திருந்தவர்.

ஒரு புதன்கிழமை காலை, ஐம்பத்தைந்து வயதிருக்கும் அம்மாள் ஒருவர் மரப்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு அவர்கள் எதிரில் உட்கார்ந்தார். விரல் நுனியெல்லாம் பழுப்பு.

"யாரோ என் அழுக்கை அழுக்காக்கிட்டாங்க சார்."

"சலவைக்காரர் அடுத்த தெரு, தாயி," என்றார் அவசரம்.

"அத்தான், கொஞ்சம் சும்மா இருங்க," என்றார் நிதானம்.

அம்மாள் பெட்டியைத் திறந்தார். உள்ளே ஒரு சரக்கு ரயில். ஓர் எஞ்சின், ஆறு வேகன்கள். ஒரு வேகன் ஒரு சோப்புக்கட்டியைவிடக் கொஞ்சம் நீளம், அவ்வளவுதான். ஆனால் கதவுகளில் துரு வழிந்திருந்தது. தாழ்ப்பாளில் கிரீஸ் இருந்தது. பக்கவாட்டில் சுண்ணக்கட்டியால் கிறுக்கிய வட்டமும் அதற்குள் ஒரு டிக்கும் கூட இருந்தன. ஆறிலும்.

"கடையில வாங்கின பொம்மைன்னு நெனச்சுராதீங்க. எஞ்சின் பித்தளைத் தகட்ட வெட்டி, நானே பத்த வெச்சது. வேகனெல்லாம் பிளாஸ்டிக் தாள். ஒவ்வொரு ஆணித்தலையும் ஊசியால குத்தி எடுத்தது. எட்டு மாசம். பெயின்ட் அடிக்கறது நாலு நாள் வேலை. அழுக்காக்கறதுக்குத்தான் மூணு வாரம் ஆச்சு. புது வண்டிய யாரு வேணா செஞ்சுரலாம் சார். ஓடின வண்டிய செய்யறதுதான் கஷ்டம்."

"இதுல எது உங்க அழுக்கு, எது அடுத்தவங்க அழுக்கு?"

அவர் ஒரு வேகனைத் தலைகீழாகத் திருப்பினார். சக்கரங்களிலும் அடிச்சட்டத்திலும் மெல்லிய பழுப்புத் தூள் படிந்திருந்தது.

"இரும்பு பிரேக் கட்டை சக்கரத்துல உரசினா இந்த மாதிரித் தூள் பறந்து ஒட்டும். மூணு வேகனுக்கு நான் வெச்சேன். மிச்ச மூணுக்கு வெக்கல. எங்க அண்ணன் அசல் வண்டிய எடுத்த மூணு ஃபோட்டோ குடுத்திருந்தாரு, அதப் பாத்துதான் செஞ்சேன். ஃபோட்டோல பழுப்பு இருக்கிற எடத்துல வெப்பேன், இல்லாத எடத்துல வெக்க மாட்டேன். நான் கறையத்தான் பாப்பேன், வண்டியப் பாக்க மாட்டேன். நேத்து பல் டாக்டர்கிட்டப் போயிட்டு வர்றேன், அந்த மூணு வேகன்லயும் தூள் இருக்கு. ஃபோட்டோ இருந்த கவரும் காணோம்."

நிதானம் ஒரு சக்கரத்தைத் தொட்டார். விரலில் பழுப்பு ஒட்டியது. இன்னொரு வேகனில் தொட்டார். ஒட்டவில்லை.

"என்னோடது ஒட்டாது. மேல வார்னிஷ் அடிச்சு மூடிருவேன்," என்றார் அம்மாள். பிறகு வேண்டாவெறுப்பாகச் சேர்த்துக்கொண்டார்: "ஆனா என்னைவிட நல்லாப் பண்ணியிருக்கான் படுபாவி."

"ஒண்ணும் உடையல. ஒரு கவர் போயிருக்கு, கொஞ்சம் தூசு வந்திருக்கு. அதுக்காக நீங்க இங்க வரணுமா?"

"இது எங்க அண்ணன் கடைசியா ஓட்டின வண்டி சார். யார்டு முனையில போய் மோதிருச்சு, தண்டவாளம் மாத்திவிடற பாயின்ட்ஸ்மேன் ஒருத்தர் செத்துட்டாரு. 'நான்தான் பிரேக்க லேட்டாப் போட்டேன்'னு அண்ணன் எழுதிக் குடுத்துட்டாரு. வேலையும் போச்சு, பென்ஷனும் போச்சு. முப்பத்தோரு வருஷமா எங்க வீட்டு மாடி ரூம்லதான் இருக்காரு. எங்க வீட்டுக்காரர் அவர 'லேட்டு'ன்னுதான் கூப்பிடுவாரு. வெளையாட்டுக்கு." அந்தக் கடைசிச் சொல்லை அவர் கல்லைக் கடித்ததுபோலச் சொன்னார். "ஞாயித்துக்கிழமை அன்னிக்கு மாடல் ரயில் கண்காட்சி. நடுவருங்க எல்லாம் ரிட்டையர் ஆன ரயில்வேக்காரங்க. அவங்க முன்னாடி அண்ணனோட வண்டி, இருந்தது இருந்தபடி நிக்கணும். அந்த மனுஷனுக்கு இந்த வண்டியத் தவிர வேற ஒண்ணும் மிச்சமில்ல."

அன்று மதியமே இருவரும் அந்த வீட்டுக்குப் போனார்கள். பட்டறை என்பது சமையலறையை ஒட்டிய சின்ன அறை. மேசை விளக்கு, பூதக்கண்ணாடி, ஏர்பிரஷ், மருந்துப் புட்டிகள் போல வரிசையாக வண்ணப் புட்டிகள். பூட்டு உடையவில்லை, சாவி சமையலறை ஆணியில் எப்போதும் தொங்கும்.

அம்மாள் பல் டாக்டரிடம் இருந்த இரண்டு மணி நேரத்தில் வீட்டில் இருந்தவர்கள் மூன்று பேர். ஒருவர் அண்ணன். இன்னொருவர் வீட்டுக்காரர். மூன்றாவது, உப்புத்தாள் கடன் கேட்டு வந்த போட்டிக்காரர். அவரும் ஞாயிறன்று ஒரு வண்டி வைக்கிறார், கையில் எப்போதும் ஏர்பிரஷ் இருப்பதால் பெயர் ஸ்பிரே.

"முடிஞ்சுது கேஸ்," என்றார் அவசரம். "ஸ்பிரேதான். போலீஸக் கூப்பிடு."

நிதானம் மாடிப்படிப் பக்கம் திரும்பினார். அண்ணன் மாடியிலிருந்து இறங்கி வந்து, தேநீர்க் கோப்பையை இரண்டு கைகளாலும் பிடித்து, அப்படியும் கொஞ்சம் சட்டையில் சிந்திக்கொண்டதைப் பார்த்தார். வீட்டுக்காரர் வாட்டசாட்டமாக, நல்ல சிரிப்போடு நாற்காலி எடுத்துப் போட்டார்.

"வாங்க, உக்காருங்க. லேட்டு, அந்த ஃபேனப் போடுங்க. இன்னிக்குள்ள போட்டாப் போதும்!"

அண்ணன் எழுந்து போய் விசிறியைப் போட்டார்.

நிதானம் தண்ணீர் குடிக்கிற சாக்கில் சமையலறைக்குள் போய் எட்டு நிமிடம் நின்றார். எரிவாயு சிலிண்டரில், மின்சார மீட்டர் பெட்டியில், தண்ணீர்த் தொட்டியின் மூடியில், சுவர்க் கடிகாரத்தின் அடியில் என எல்லாவற்றிலும் சுண்ணக்கட்டிக் குறி. வட்டத்துக்குள் ஒரு டிக்.

"இது யாரு போடறது?"

"எங்க வீட்டுக்காரர்தான். எதையாவது செக் பண்ணினாப் போடாம இருக்க மாட்டாரு," என்றார் அம்மாள். "எங்க மாமியார் நெத்தியிலயும் போட்டிருப்பாரு, அவங்க முந்திக்கிட்டாங்க."

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்கு நிதானம் எல்லோரையும் பட்டறையில் உட்கார வைத்தார். மேசைமேல் ரயில் நின்றது.

"ஸ்பிரே சார், உங்க வேலையக் கெடுக்கணும்னா ஒருத்தன் என்ன செய்வான்?"

"கீறிவிடுவான், கரைப்பானை ஊத்துவான். இவன் அழகாத் தூள் வெச்சிருக்கான். நானா இருந்தா வார்னிஷ் அடிக்காம விட்டிருப்பேனா? அசிங்கம்!" ஸ்பிரேவுக்கு அந்தக் குற்றச்சாட்டைவிட வார்னிஷ் இல்லாததுதான் அவமானமாக இருந்தது.

"அதனால நீங்க இல்ல. வார்னிஷ் பழக்கம் இல்லாத ஆள். கை நடுங்காத ஆள். அதனால அண்ணனும் இல்ல. ஆனா தூள் எங்கெங்க படியும்னு அம்மாவைவிட நல்லாத் தெரிஞ்ச ஆள். வண்டிக்குக் கீழ குனிஞ்சு ஆயிரம் சக்கரத்தப் பாத்தவருக்குத்தான் அது தெரியும்."

அவசரம் தன்னையறியாமல் வீட்டுக்காரரின் முழங்கால்களைப் பார்த்தார்.

"நான் என்னையே கேட்டுக்கிட்ட கேள்வி இதுதான். அழுக்க எடுத்தா ஒரு கறைய மறைக்கலாம். அழுக்க வெச்சா எத மறைக்கலாம்? சுத்தத்த மறைக்கலாம். சக்கரம் சுத்தமா இருந்தா, பிரேக் கட்டை அதத் தொடவே இல்லைன்னு அர்த்தம். ஆறுல மூணு வேகனுக்கு பிரேக்கே வேலை செய்யல. டிரைவர் எப்பப் போட்டாலும் அந்த வண்டி நின்னிருக்காது. ஆனா ஆறுலயும் 'செக் பண்ணியாச்சு'ன்னு டிக் இருக்கு. ஞாயித்துக்கிழமை பழைய ரயில்வேக்காரங்க வந்து குனிஞ்சு பாத்தா ஒரே நிமிஷத்துல சொல்லிருவாங்க. அதே டிக் உங்க வீட்டு சிலிண்டர்லயும் இருக்கு. அன்னிக்கு வேகன் பரிசோதகர் யாரு?"



"மாப்பிள்ளைதான்," என்றார் அண்ணன், கோப்பைக்குள் பார்த்தபடி.

வீட்டுக்காரரின் சிரிப்பு அணையவில்லை. போகுமிடம் தெரியாமல் முகத்திலேயே நின்றது. "ஆறு வண்டியும் ஒண்ணாத்தான் வந்துச்சு. அஞ்சரை மணி. குனிஞ்சு பாத்தா ஒரு மணி நேரம் ஆகும். இவள சினிமாவுக்குக் கூட்டிட்டுப் போறேன்னு சொல்லியிருந்தேன். வெளியிலயே டிக் போட்டுட்டு வந்துட்டேன்."

"படம் நல்லாவே இல்ல," என்றார் அம்மாள்.

"அண்ணே, உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டார் அவசரம், முதல்முறையாக மெதுவாக.

"இடிச்ச பொறவு இறங்கிப் பாத்தேன். டிக்கையும் பாத்தேன், சக்கரத்தையும் பாத்தேன். தங்கச்சிக்குக் கல்யாணமாகி மூணு மாசம். நான் வாயத் திறந்தா மாப்பிள்ளை ஜெயிலுக்குப் போவாரு. லேட்டாப் போட்டேன்னு எழுதிட்டேன்." கோப்பையைக் கீழே வைத்தார், அது தட்டில் கொஞ்ச நேரம் கிடுகிடுத்தது. "ஆனா மாப்பிள்ளை, லேட்டுன்னு மட்டும் நீங்க கூப்பிடாம இருந்திருக்கலாம். பேரே இல்லாமக் கூடக் கூப்பிட்டிருக்கலாம்."

"அப்புறம் எதுக்கு ஃபோட்டோவக் குடுத்தீங்க?" என்று கேட்டார் நிதானம்.

"இத்தனூண்டு அளவுல உண்மை இருந்தா யாருக்கும் வலிக்காதுன்னு நெனச்சேன்."

வீட்டுக்காரர் சட்டைப் பைக்குள் கைவிட்டு ஒரு கவரை எடுத்தார். ஒட்டிய நாடா பிரியவே இல்லை. "பிரிச்சுப் பாக்க தைரியம் வரல," என்றார். நிதானம் கை நீட்டினார். அதற்கு முன்னால் அம்மாள் அதை வாங்கி, மேசை இழுப்பறையில் போட்டுப் பூட்டிவிட்டார்.

"போதும் சார். இனி அதுல பாக்க ஒண்ணுமில்ல."

பிறகு பஞ்சுக் குச்சியைத் தண்ணீரில் நனைத்து, மூன்று வேகன்களின் சக்கரங்களையும் ஒவ்வொன்றாகத் துடைத்தார். யாரும் எழுந்திருக்கவில்லை. முடித்ததும் வார்னிஷ் அடித்தார். அந்த வாடை அடங்கும்வரை பொறுத்து, கணவரைத் திரும்பிப் பார்த்தார்.

"ஞாயித்துக்கிழமை பத்து மணிக்கு வண்டிக்குப் பக்கத்துல நீங்க நிக்கறீங்க. சக்கரம் ஏன் சுத்தமா இருக்குன்னு கேக்கறவங்களுக்கெல்லாம் நீங்களே சொல்றீங்க. அண்ணன் நாற்காலி போட்டு உக்காந்து கேப்பாரு."

"விட்டுரும்மா," என்றார் அண்ணன். "பென்ஷன் திரும்பி வரப்போகுதா? செத்தவரு எழுந்து வரப்போறாரா?"

"வரமாட்டாங்க. லேட்டுங்கற பேராவது போகட்டும்."

வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணிவரை நின்றார். நூற்றுப் பன்னிரண்டு பேருக்குச் சொன்னாராம். அவசரம் பக்கத்தில் நின்று எண்ணினார். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து முழுதும் கேட்டார். ஒரு இடத்திலும் தலையாட்டவில்லை. அந்த ரயிலுக்குப் பரிசு கிடைக்கவில்லை. ஸ்பிரேயின் வண்டிக்குக் கிடைத்தது. அது மிகவும் சுத்தமாக இருந்தது.

அம்மாள், வீட்டுக்காரர், அண்ணன் மூவரும் இப்போது இல்லை. அவர்கள் வீட்டுச் சாமான்கள் பழைய மரக்கடைக்கு வந்தபோது, பட்டறை மேசையை இழுப்பறையோடு வாங்கியவன் நான். கவர் உள்ளேயே இருந்தது. நாடாவை நான்தான் பிரித்தேன்.

மூன்று படங்களும் கறுப்பு வெள்ளை. அம்மாள் சொன்ன பழுப்பு ஒரு புள்ளிகூட இல்லை.