சுடுமுன் கேட்கிற கேள்வி

டேப்பில் ஒரு குரல் கூடுதலாக இருந்தது.

முதல் தடவை ஓடியபோது சுந்தர்ராஜ் அதைக் கவனிக்கவில்லை. தேனி பஜாரில் தன் இரும்புக் கடைக்கு மேலே இருந்த வீட்டில், டி.வி.க்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு, திரையில் பாய்மேல் கவிழ்ந்து படுத்திருந்த தன் முதுகையும், துப்பாக்கிக் கட்டையில் பதிந்த கன்னத்தையும், விசைக்குள் வளைந்த விரலையும்தான் பார்த்துக்கொண்டிருந்தார். சுடும்போது கண்ணை மூடுகிறோமா இல்லையா என்பது அவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. மூடினார். வெடி கிளம்புவதற்குச் சற்று முந்தி, அடிக்குப் பயந்த பிள்ளையைப்போல இமைகள் இறுகின; தோள் துள்ளியது. அவமானமாக இருந்தது. டேப்பைப் பின்னுக்கு ஓட்டி மறுபடியும் போட்டவர், பார்க்கப் பிடிக்காமல் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பிக்கொண்டார். பார்க்காமல் இருந்ததால்தான் காதில் விழுந்தது.

"குழியில ஆள் இருக்கா?" என்று டேப்பில் அவர் குரல் கேட்டது.

காற்று இரைந்தது. எங்கோ ஒரு மயில் அகவியது.

"ஆள் இருக்கு."

பிறகு வெடி.

போடியைத் தாண்டித் தேவாரம் போகிற சாலையில், மலை அடிவாரத்தில் அவர்களுடைய ரைபிள் கிளப் சுடுகிற இடம் இருந்தது. ஒரு பக்கம் படுத்துச் சுட ஒரு தகரக் கொட்டகை, எதிர்ப்பக்கம் தோட்டாவை வாங்கிக்கொள்ள ஒரு மண்மேடு, மண்மேட்டின் முன்னால் குறி அட்டை மாட்டுகிற சட்டம், சட்டத்துக்கு அடியில் ஒரு குழி. ஆள் உயரத்துக்கு வெட்ட நினைத்து, பாறை தட்டி, இடுப்பளவோடு நின்றுபோன குழி. ஒவ்வொரு வெடிக்குப் பிறகும் மார்க்கர் தவசி அந்தக் குழியில் இறங்கி, அட்டையில் எங்கே பட்டது என்று கழியால் காட்டிவிட்டு வெளியேறி ஓரமாகப் போய் உட்காருவான். அதனால் கிளப்பில் ஒரு கட்டாய வழக்கம்: தோட்டாவைப் போடுமுன் சுடுகிறவர் குழியைப் பார்த்துச் சத்தமாகக் கேட்க வேண்டும். உள்ளே தவசி இருந்தால், "ஆள் இருக்கு" என்று குரல் கொடுப்பான். பதில் வராவிட்டால் சுடலாம்.

சுந்தர்ராஜ் தனியாகப் பயிற்சி எடுக்கிற நாட்களிலும் கேட்பார். நாக்குக்குப் பழகிவிட்ட கேள்வி. ஆனால் பதிலுக்காக நிற்பதில்லை. யாரும் இல்லாத இடத்தில் யாருக்காக நிற்பது?

காமிரா வாங்கியது எல்லாம் இந்தக் கண்ணுக்காகத்தான். மதுரையில் நடக்கிற போட்டிக்கு கிளப்பிலிருந்து ஒருவரைத்தான் அனுப்புவார்கள். வருகிற சனிக்கிழமை தேர்வு. செயலாளர் சண்முகராஜ், பட்டாளத்தில் இருந்து வந்தவர், சுற்றி வளைக்காமல் சொல்லிவிட்டார்: விசையை அமுக்கும்போது அண்ணாச்சி கண்ணை மூடுகிறார், அதைச் சரிசெய்யாவிட்டால் இடம் போடி எஸ்டேட்டுப் பையனுக்கு. சுந்தர்ராஜ் நம்பவில்லை. மனைவி கிருபாவதி போய்ச்சேர்ந்த பிறகு, மகள் கோயம்புத்தூருக்கு வாழ்க்கைப்பட்டுப் போன பிறகு, இந்த ஊரில் அவர் வராவிட்டால் ஏன் வரவில்லை என்று கேட்கிற ஒரே இடம் அந்தத் தகரக் கொட்டகைதான். அந்த இடத்தை இமை மூடித் தொலைக்க அவருக்கு மனமில்லை.

முறையாக விசாரித்துத்தான் வாங்கினார். முதலில் பார்த்தது பெரியகுளத்து ஸ்டூடியோக்காரர் கல்யாண வீடுகளுக்குத் தூக்கிப்போகிற தோள் காமிரா; பதிவுப் பெட்டி தனி, காமிரா தனி, தூக்கக் கூட ஓர் ஆள் வேண்டும். மலைமேல் ஒரு எஸ்டேட் பங்களாவில் பழைய பிலிம் காமிரா விலைக்கு வந்தது. மலிவுதான், ஆனால் பிலிமைக் கழுவ பம்பாய்க்கு அனுப்ப வேண்டும், படம் திரும்பி வருவதற்குள் போட்டியே முடிந்துவிடும். மூன்றாவது, உத்தமபாளையத்தில் கடிகாரமும் துபாய் சாமானும் விற்கிற உமர் பாருக்கிடம் இருந்தது. மச்சான் கொண்டுவந்த கைக்கடக்கமான வீடியோ காமிரா. கண் வைக்கிற இடத்தில் ரப்பர் கிழிந்திருந்ததால் விலையில் தணிவு. சுந்தர்ராஜ் அரை நாள் அந்தக் கடையில் உட்கார்ந்து கேள்வி கேட்டார். பேட்டரி எவ்வளவு நேரம் தாங்கும், தூரத்தில் இருக்கிற விரலைப் பக்கத்தில் இழுத்துக் காட்டுமா, ஓடுகிற படத்தை நிறுத்திப் பார்த்தால் நடுங்குமா, மலை நிழலில் முகம் தெரியுமா, வெடிச் சத்தத்தில் மைக் கெட்டுப்போகுமா.

உமர் பாருக் டீயைக் கையில் கொடுத்தான்.

"அண்ணாச்சி, பொண்ணு பாக்க வாரவுக கூட இம்புட்டுக் கேக்க மாட்டாக."

"பொண்ணு பாக்க வந்தா அவ முகத்தப் பாத்தாப் போதும். நான் என் முகத்தப் பாக்கணுமே."

"அதுக்குக் கண்ணாடி போதுமே. சரி, எடுத்துட்டுப் போங்க. மைக்குதான் இதுல விசேஷம். கொசு பறந்தாலும் விடாது."

முதல் டேப்பைப் பார்த்த அன்று அவர் படுக்கவில்லை. ஒவ்வொரு வெடிக்கு முன்னும் கேள்வி இருந்தது, ஒவ்வொரு கேள்விக்குப் பின்னும் அந்தப் பதில் இருந்தது, பதிலைத் தாண்டி ஒவ்வொரு தடவையும் அவர் சுட்டிருந்தார். விடிந்ததும் கடையைத் திறக்காமல் ஸ்கூட்டரை எடுத்துக்கொண்டு போனார். குழிக்குள் எட்டிப் பார்த்தார். பசை டப்பா. கிழிந்த அட்டைகள். ஆட்டுப் புழுக்கை. ஈரம் இல்லை, கறை இல்லை. ஆடு மேய்க்கிறவர்கள் யாருக்காவது அடிகிடி பட்டதா என்று சாலையோரத்து டீக்கடையில் பேச்சோடு பேச்சாக விசாரித்தார். அப்படி எதுவும் இல்லை என்றார்கள்.

தவசியை வீட்டுக்கு வரச்சொல்லி டேப்பைப் போட்டுக் காட்டினார். தவசி தரையில் சம்மணமிட்டு, டி.வி.க்கு மிக அருகில் முகத்தை வைத்துக்கொண்டு கேட்டான். இரண்டாம் தடவை கேட்டான். பிறகு திரும்பி அவரைப் பார்த்துச் சிரித்தான்.

"இதக் கேக்கவா என்னைய பஸ் ஏற வச்சீக? இது ஒங்க குரலுதான அண்ணாச்சி."

"என் குரலா?"

"ஒங்க குரலேதான். நீங்களே கேக்குறீக, நீங்களே சொல்லுறீக. வீட்டுல பேச ஆள் இல்லேன்னா அப்பிடித்தான். எங்க சின்னய்யா மலையில ஆட்டோட கெடந்தப்ப, தனக்குத் தானே சண்டையே போடுவாக. நீங்க அம்புட்டுக்குப் போகல, விடுங்க."

சுந்தர்ராஜும் சிரித்தார். நெடுநாளைக்குப் பிறகு அந்தக் கூடத்தில் சிரிப்புச் சத்தம் கேட்டது. வெள்ளிக்கிழமை பயிற்சிக்குக் கூட வா என்று அழைத்தார். ஏலக்காய் பறிப்புக்கு மலை ஏறுவதாகவும் சனிக்கிழமை தேர்வுக்கு நேராக வந்துவிடுவதாகவும் தவசி சொன்னான். அவன் படியிறங்கிப் போன பிறகு வீடு மறுபடியும் பழைய மாதிரி ஆயிற்று. சுவரில் கிருபாவதியின் படத்துக்கு அடியில் நின்று, தாம் இப்போது எதையாவது சத்தமாகச் சொன்னோமா என்று அவர் யோசித்தார். உறுதியாகத் தெரியவில்லை. அதுவே ஒருவகையில் ஆறுதலாக இருந்தது. தனியாக இருக்கிறவன் பேசிக்கொள்கிறான், அவ்வளவுதான்.

அதைச் சரிபார்க்கத்தான் அடுத்த நாள் காமிராவைப் பாய்க்குப் பக்கத்தில், ஒரு செங்கல்லின்மேல் வைத்தார். பொத்தானை அமுக்கி, படம் முழுவதும் தன் வாய் மட்டும் தெரிகிற அளவுக்குக் கிட்டத்தில் இழுத்தார். வழக்கம்போலக் கேட்டார், சுட்டார். கேட்டார், சுட்டார். சுற்றிலும் காற்றும், கடலைக் கொல்லையின் பச்சை வாசமும், வெடிமருந்துப் புகையும் தவிர எதுவும் இல்லை. காதால் ஒரு பதிலையும் அவர் கேட்கவில்லை.

வீட்டுக்கு வந்து விளக்கைப் போடாமலே டேப்பைச் செருகினார்.

திரை நிறைய அவர் வாய். நரைத்த மீசை, வெடித்த கீழுதடு, மூலையில் ஒரு வெற்றிலைக் கறை. உதடுகள் பிரிந்து கேள்வி வெளியே வந்தது. உதடுகள் மூடிக்கொண்டன. கட்டையில் அழுந்தி, பசை போட்டு ஒட்டியதுபோல மூடிக்கொண்டன.

"ஆள் இருக்கு."

உதடு அசையவில்லை.

அவர் நாற்காலியின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டார். தவசி சொன்னது சரிதான், குரல் அவருடையதுதான். ஆனால் அது வாய் மூடியிருந்த அவருடைய குரல், தூரத்திலிருந்து வந்தது, எதிரிலிருந்து வந்தது. முதல் வெடிக்கு முன்னால் அது நிதானமாகச் சொன்னது. அடுத்ததற்கு அவசரமாகச் சொன்னது. டேப் முடிகிற இடத்தில் கேள்வி முடியுமுன்பே குறுக்கே விழுந்து, "ஆள் இருக்கு, ஆள் இருக்கு" என்று உடைந்தது. அந்தத் தொனியில் அவர் வாழ்நாளில் ஒரே ஒரு தடவை பேசியிருக்கிறார். கிருபாவதியின் கடைசி நாளில், ஆஸ்பத்திரி வராந்தாவில், மூடிய கதவைத் தட்டிக்கொண்டு.

அதைத் தாண்டியும் திரையில் இருந்தவர் சுட்டார்.

வெள்ளிக்கிழமை. மறுநாள் தேர்வு. அந்தக் குழியைப் பார்த்து இனி விசையை அமுக்க முடியாது என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அமுக்காவிட்டால் மதுரையும் இல்லை, கொட்டகையும் இல்லை. ஒரே வழிதான் இருந்தது. சுடாமல், காமிராவைக் குழிக்குள் வைத்துக் கொட்டகையைப் பார்க்கத் திருப்பி ஓட விடுவது. குழி காலி என்று தன் கண்ணாலும் டேப்பாலும் உறுதி செய்துகொண்டு, நிம்மதியாக நாளை வந்து படுப்பது.

போய்ச் சேர்ந்தபோது மலையின் நிழல் கொட்டகையைத் தாண்டி இறங்கியிருந்தது. பாயை விரித்தார். துப்பாக்கியைப் பாயில் வைத்து, தோட்டா அறையை மூடுகிற போல்ட்டைத் திறந்து, உள்ளே விரல் விட்டுக் காலி என்று பார்த்துக்கொண்டார். தோட்டாப் பெட்டியை ஸ்கூட்டரிலேயே பூட்டிவிட்டார். காமிராவை எடுத்துக்கொண்டு புல்லில் நடந்தார். நடக்க நடக்கக் காற்று குறைந்தது. கம்பம் பக்கத்திலிருந்து நாளெல்லாம் ஊதுகிற காற்று, குழியின் ஓரத்துக்கு வந்தபோது அறவே நின்றிருந்தது.

குழி காலி.

இறங்கினார். மண் சில்லென்றிருந்தது. பழைய பசையின் புளித்த நாற்றம். விளிம்பில் காமிராவை வைத்து, கொட்டகைக்கு நேராகத் திருப்பி, சிவப்புப் புள்ளி எரிகிறதா என்று பார்த்தார். எரிந்தது. கிழிந்த ரப்பருக்குள் கண்ணை வைத்தார். உள்ளே எல்லாம் கறுப்பும் வெள்ளையுமாக, தபால் தலை அளவுக்குத் தெரிந்தது. புல். தகரக் கூரை. பாய்.

பாயில் ஆள்.

கண்ணை எடுத்துவிட்டு நேராகப் பார்த்தார். நிழலில் கொட்டகை ஒரே இருட்டு. மறுபடியும் கண்ணை வைத்தார். படுத்திருந்தது. விரல் தானாகப் பொத்தானுக்குப் போயிற்று. கொட்டகை நெருங்கிவந்தது. கவிழ்ந்த முதுகு. மடித்துவிட்ட சட்டைக் கை. கட்டையில் பதிந்த கன்னம். நரைத்த மீசை.

போல்ட் மூடுகிற சத்தம் புல்லைத் தாண்டித் தெளிவாக வந்தது.

"குழியில ஆள் இருக்கா?"

கடமைக்குக் கேட்கிற குரல். பழக்கத்தில் கேட்கிற குரல்.

"ஆள் இருக்கு" என்றார். நிதானமாகத்தான் சொன்னார். யாராக இருந்தாலும் இந்த வார்த்தைக்கு நிற்பார்கள். கிளப்பில் எல்லோரும் நிற்பார்கள்.

முழங்காலை மடக்கப் பார்த்தார். மடங்கவில்லை. கண்ணை எடுக்கப் பார்த்தார்.

"ஆள் இருக்கு. ஆள் இருக்கு."

படத்தில் அந்த முகம் நிறைந்திருந்தது. தோள் அசையவில்லை. மூச்சு நின்றிருந்தது. விரல் மட்டும் மெல்ல, மிக மெல்ல, உள்ளே வந்துகொண்டிருந்தது.

இரண்டு கண்ணும் திறந்தே இருந்தன.