வெள்ளிக்கிழமை வராத திருடன்

பினாங்கில் அந்தக் கடலோர வீட்டைப் பற்றி ஆளுக்கொரு கதை சொல்வார்கள். சமையற்கட்டுக்கு அடியில் சுரங்கம் இருக்கிறதாம், அது கடலில் போய் முடிகிறதாம். செத்துப்போன கடற்கொள்ளைக்காரன் ஒருவன் அதற்குள் இன்னும் சீட்டியடித்துக்கொண்டு திரிகிறானாம்.

சீட்டிச் சத்தத்தைப் பத்து வயது ஜெயலெட்சுமியும் கேட்டிருக்கிறாள். அந்த வீட்டில் சமைப்பவள் அவள் அம்மா வடிவம்மாள்தான்.

இப்போது புதுத் தொல்லை. கழுவிச் சட்டியில் போட்டு வைத்த மீனில் தினமும் இரண்டு காணாமல் போனது.

"பேயுமில்ல, பிசாசுமில்ல!" என்று உறுமினார் வீட்டு முதலாளி திருநாவுக்கரசு. "எல்லாம் அந்த மீன்காரன் யூசுப்தான். அவன் படகு நம்ம கரையிலதானே நிக்குது? காலையில விக்கிறான், சுரங்க வழியா வந்து திருடுறான், மறுநாள் அதையே நமக்கு விக்கிறான்!"

"நேத்து மீன் நாறிடுமேய்யா?" என்றாள் ஜெயலெட்சுமி.

அம்மா அவள் கையைக் கிள்ளினாள்.

"வெள்ளிக்கிழமை அவன் தொழப் போயிடுறான்" என்று தொடர்ந்தார் திருநாவுக்கரசு. "வெள்ளிக்கிழமை மட்டும் திருட்டே இல்ல. இதுக்கு மேல என்ன சாட்சி வேணும்? சனிக்கிழமை வரட்டும், போலீஸ்ல பிடிச்சுக் குடுக்கிறேன்!"

அக்கம்பக்கத்திலும் அதையே சொல்லி வைத்தார்.

மழையில் தன் குடையை ஜெயலெட்சுமியிடம் கொடுத்துவிட்டு நனைந்துகொண்டே போனவர் யூசுப். அவரா திருடன்? ஒருவேளை...

சட்டென்று அவளுக்கு ஒன்று தோன்றியது. வெள்ளிக்கிழமை இந்த வீட்டில் சைவம். சட்டியில் மீனே இல்லாதபோது எந்தத் திருடன் வருவான்?

வெள்ளிக்கிழமை விடிந்ததும் கரைக்கு ஓடினாள்.

"அண்ணே, ஒரு மீன் குடுங்க."

"இன்னிக்கு உங்க வீட்ல மீனா!" யூசுப் வாயைப் பிளந்தார்.

"இப்போ கேக்காதீங்கண்ணே."

மதியம் பள்ளிவாசலில் பாங்கு ஒலித்தது. மீனைச் சட்டியில் போட்டு, வழக்கம்போல விறகு அடுக்கியிருந்த மூலையில் வைத்தாள்.

"வெள்ளிக்கிழமை மீன் வாடையா!" திருநாவுக்கரசு மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடி வந்தார். வடிவம்மாள் மகளைப் பின்னுக்கு இழுத்தாள்.

"யூசுப் அண்ணே இப்ப எங்கய்யா இருப்பாரு?" என்று கேட்டாள் ஜெயலெட்சுமி.

"பள்ளிவாசல்ல. அதுக்கென்ன?"

"பேசாம பாருங்க."

சீட்டிச் சத்தம் கேட்டது. விறகு அசைந்தது. திருநாவுக்கரசு ஒரே தாவலில் பெஞ்சின் மேல் ஏறிவிட்டார்.

மீசை வைத்த ஈர முகம் ஒன்று எட்டிப் பார்த்தது. நீர்நாய்! இத்தனை நாளும் சீட்டியடித்தது அதுதான். மீனைக் கவ்விக்கொண்டு விறகுக்குப் பின்னால் மறைந்தது.

விறகை விலக்கினால், கழிவுநீர் கடலுக்குப் போகக் கட்டிய பழைய செங்கல் வாய்க்கால். சுரங்கம் மட்டும் உண்மைதான்!

"சரி, சரி. இதை யூசுப்கிட்ட சொல்ல வேணாம்" என்றார் திருநாவுக்கரசு, பெஞ்சிலிருந்து இறங்கியபடி.

"திருடன்னு தெருவுக்கே சொன்னீங்களேய்யா? இல்லைன்னும் நீங்கதான் சொல்லணும்."

சனிக்கிழமை பின்வாசலில், பக்கத்து வீடுகளுக்கும் கேட்கும்படி அவர் சொன்னார்: "யூசுப், உன்னைத் திருடன்னு சொன்னது என் தப்பு. திருடினது நீர்நாய்!"

யூசுப் கூடையிலிருந்து கூடுதலாக இரண்டு மீனை எடுத்து வைத்தார்.

"இது அந்தத் திருடனுக்கு."

"வெள்ளிக்கிழமை என்னண்ணே செய்யும்?" என்றாள் ஜெயலெட்சுமி.

"எனக்குத் தொழுகை, உங்களுக்குச் சைவம். அது கடல்ல போய்ப் பிடிச்சுத் தின்னட்டும்லா!"

விறகுக்குப் பின்னாலிருந்து சீட்டி கேட்டது. எல்லாரும் சிரித்தார்கள். திருநாவுக்கரசு மட்டும் பெஞ்சு எங்கே என்று தேடினார்.